சவர்க்காரம் பட்டதும் சிவந்த கை

ஆயர் குரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, காருக்குப் பாலிஷ் போடும் புதுக்கடை ஒன்று திறந்திருக்கிறார்கள். கடை என்றா சொன்னேன்? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. வெள்ளை விளக்கு, ஏர்கான், கையுறை மாட்டிய பிள்ளைகள். காரின் மேல் கண்ணாடி மாதிரி ஏதோ பூசுகிறார்களாம். அப்புறம் எந்தக் கறையும் ஒட்டவே ஒட்டாதாம். நான் இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் என்று யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் காய்கறிப் பையோடு போன என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "ஆன்ட்டி, உங்க சர்வீஸ்லயே போகவே மாட்டேன்னு அடம்பிடிச்ச கறை எதுலா?" என்று கேட்டார்கள்.

"காக்கா எச்சம்தான், வேறென்ன" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அது சுத்தப் பொய். ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் கடை முடிந்து வீட்டுக்குத் தனியாகப் போயிருக்க மாட்டார்கள். கேட்டதிலிருந்து எனக்கும் நிம்மதி இல்லை. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு புக்கிட் ரம்பாய்க்கு வந்தவள் நான். எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கார்ப் பட்டறையில், பெயிண்ட் பகுதிக்குப் பின்னால் இருந்த பாலிஷ் பகுதியில் ஆள் வேண்டும் என்றார்கள். பொம்பிளைக்கு இந்த வேலையா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் எல்லாரும் பின்னாளில் என்னிடம்தான் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துணி துவைத்தேன், வாளி தூக்கினேன், திட்டு வாங்கினேன், ஒருநாள் கையில் பாலிஷ் மெஷினைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

திட்டியவர் தங்கராசு அண்ணன். எங்கள் பகுதிக்கு அவர்தான் தலைவர். கிரீஸும் எண்ணெயும் ஓடும் பட்டறையில் தினமும் தேய்த்த சட்டையோடு வருவார். போகும்போதும் அந்தச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சட்டைப்பையில் சீப்பு. கார்த் தகட்டில் முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் வந்துவிட்டால், அதில் பார்த்துத் தலை சீவுவார். அப்படி அவர் சீவினால் நம் வேலை தேறிவிட்டது என்று அர்த்தம்.

கறையோடு வந்த காரை அவர் உடனே தொடமாட்டார். முதலில் ஒரு சுற்று நடப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வலது சுண்டுவிரல் நகத்தால் கறையின் ஓரத்தை மெதுவாக வருடுவார். நகம் ஏறி இறங்கினால் கறை மேலே உட்கார்ந்திருக்கிறது. ஏறி இறங்காவிட்டால் உள்ளே போய்விட்டது. மேலே இருப்பதற்கு ஊறவைத்த துணி, தாருக்கு மண்ணெண்ணெய், சிமெண்டுச் சொட்டுக்கு வினிகர், பலாப்பாலுக்குச் சமையல் எண்ணெய். உள்ளே போனதற்குத்தான் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை. அதை வட்டமாகத் தேய்த்தால் கையில் அடி விழும். நேராகத் தேய்க்க வேண்டும், அதுவும் ஒரு கைக்குட்டை அளவு இடத்தை மட்டும். "தேய்க்கறது யாரு வேணா தேய்ப்பான். நிறுத்தத் தெரியணும், பாக்கியம்" என்பார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. சாவியைக் கொடுக்கும் முன் கறை எதனால் வந்தது என்று காரின் சொந்தக்காரருக்கு விளக்காமல் விடமாட்டார். மரத்தடியில் நிறுத்தினீர்கள், அது தேனீ எச்சம். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், அது சுண்ணாம்புத் தூசி. அவசரமாகப் போகிறவர்கள் நெளிவார்கள். தவுக்கேகூட "சுடாலா, தங்கராசு, போதும் விடு" என்று கத்துவார். அவர் மசியமாட்டார். "காரணம் சொல்லாம சாவி குடுத்தா பாதி வேலைதான் செஞ்சதா அர்த்தம்" என்பார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. வேலாயுதம் சாரின் கார் வந்தபோது அந்தப் பழக்கம்தான் எங்கள் கழுத்தைப் பிடித்தது.

வேலாயுதம் சார் அலோர் காஜாவில் அரசாங்க ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. ஒல்லியான ஆள், மெல்லிய பேச்சு. அவருடையது பழைய வெள்ளைக் கார். அந்தக் காலத்து வெள்ளை பெயிண்ட், மேலே பளபளப்புப் பூச்சு கிடையாது. கையை வைத்தால் சுண்ணாம்புச் சுவர் போல மாவு ஒட்டும். பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"கறை எங்க சார்? ஒண்ணும் காணமே" என்றேன்.

"இப்பத் தெரியாதும்மா. கழுவினாத்தான் தெரியும்."

கழுவினால் போகிற கறையைப் பார்த்திருக்கிறேன். கழுவினால் வருகிற கறையா? தங்கராசு அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அவரே சொல்லத் தொடங்கினார். பல பேரிடம் பல தடவை சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்ட பேச்சு அது. அவர் மனைவி சாரதா தீபாவளிக்கு முன் தவறிவிட்டார். அன்று சாருக்கு லீவு. வீட்டுப் பின்பக்கம் வாழைச் சருகைக் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்தார். மனைவி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில், மாலை வகுப்பு முடிந்து இன்னும் வரவில்லை.

"சாயங்கால நேரம். மோட்டார் சைக்கிள்ல ரொட்டிக்காரன் வந்து ஹாரன் அடிச்சான். விட்டு விட்டு அடிச்சான். நான் பின்னாலேருந்தே கத்தினேன், வேணாம்லா, நேத்து ரொட்டியே இருக்குன்னு. கொஞ்ச நேரத்துல போயிட்டான். நான் நெருப்பை அணைச்சிட்டு முன்னால வந்தா, போர்ச்சில கார்க் கதவு திறந்து கெடக்கு. சாரதா கதவோரத்துல சாஞ்சு கெடக்கறா. அவ எப்பவும் ரொட்டிக்குச் சில்லறை கார்லதான் வச்சிருப்பா. அதை எடுக்கப் போயிருக்கா. டாக்டர் சொன்னாரு, ஹார்ட்டாம். நொடியில போயிருச்சாம், நோவுகூட தெரிஞ்சிருக்காதாம்." அந்த இடத்தில் அவர் குரல் சற்றுத் தெளிந்தது. "அது ஒண்ணுதாம்மா எனக்கு ஆறுதல்."

துட்டி வீட்டில் அக்கம்பக்கத்தார் போர்ச்சையும் காரையும் தண்ணீர் விட்டு அலசிவிட்டார்கள். பிறகு காருக்கு உறை போட்டு அப்படியே நிறுத்திவிட்டார். பல வாரம் கழித்து ஒருநாள் அவரும் மகள் கௌரியும் சேர்ந்து துணி துவைக்கிற சவர்க்காரத் தூளைக் கரைத்துக் காரைக் கழுவினார்கள். நுரைக்கு அடியில் ஒரு கை தெரிந்தது. சிவப்பாக. ஐந்து விரலும் விரித்த பொம்பிளைக் கை.

கௌரி அலறிக்கொண்டு ஓடியதுதான், அதன் பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. ஆயர் குரோவில் சித்தி வீட்டில் இருக்கிறாள். அம்மா தவறிய அன்று காலை அவரோடு சண்டை போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனவள் அவள். "அம்மா கோவம் போகலப்பா. அந்தக் கை போனாத்தான் நான் வருவேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

"எப்படியாச்சும் எடுத்துக் குடுத்துருங்க, தம்பி" என்றார் வேலாயுதம் சார். "காருக்காகக் கேக்கல. எனக்கு இருக்கறது அந்த ஒரு பிள்ளைதான்."

அவர் பஸ்ஸைப் பார்த்துப் போன பிறகு தங்கராசு அண்ணன் போனட்டை நகத்தால் வருடினார். நகம் ஏறவில்லை, இறங்கவில்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, லேசான மஞ்சள் மாதிரி ஏதோ ஒரு நிழல். காம்பவுண்ட் போட்டு, கைக்குட்டை அளவு, நேர்கோடு, அவர் சொன்னபடியே செய்தேன். துணியில் பெயிண்ட் மாவுதான் வந்தது. மஞ்சள் போய்விட்டது போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இதுக்கா இவ்வளவு கூத்து என்று நினைத்துக்கொண்டு, பட்டறைச் சவர்க்காரத்தை ஸ்பாஞ்சில் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன்.

கை வந்தது.

ஐயோ, எப்படிச் சொல்வது! நான் பார்க்கப் பார்க்க, வெள்ளையிலிருந்து எழுந்து வந்தது. முதலில் உள்ளங்கை, பிறகு விரல்கள். நான் ஸ்பாஞ்சைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் வாளியில் இடித்து விழுந்தேன். தங்கராசு அண்ணன் சட்டை நனைவதைக்கூடப் பார்க்காமல் வந்து நின்றார். அவர் உதடு என்னவோ சாமி பேரை முணுமுணுத்தது.

கீழே கிடந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. சாரதா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நம் வீடுகளில் மீனை எதைப் போட்டுத் தேய்ப்போம்?

"அண்ணே, மஞ்சள்! ஆரத்தி கரைக்கறதில்ல? மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா ரத்தமா ஆகுமே. சவர்க்காரமும் அந்த மாதிரிதான்!"

சாப்பாட்டுக் கடைக்கு ஓடி ஒரு எலுமிச்சை வாங்கி வந்து பிழிந்தேன். சிவப்பு மறுபடி மஞ்சளாகி வெளிறியது. எங்களுக்கு மூச்சு வந்தது. பழைய பெயிண்ட், மஞ்சளைக் குடித்துவிட்டது. காருக்கு உறை போட்டதால் வெயிலும் படவில்லை. துணியில் மஞ்சள் பட்டால் என்ன செய்வோமோ அதையே காருக்கும் செய்ய வேண்டும். வெயிலில் காயப்போட வேண்டும். எங்கெங்கே பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கார் முழுக்கச் சவர்க்காரம் போடச் சொன்னார் தங்கராசு அண்ணன்.

போட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

இடப்பக்க முன் மட்காட்டில் ஒரு கை. போனட்டின் ஓரத்தில் நாங்கள் பார்த்த கை. வலப்பக்க விளக்குக்கு மேலே ஒன்று. வலப்பக்க மட்காட்டில் விரல்கள் மட்டும், நீளமாக இழுபட்டு. டிரைவர் கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தாழ்வாக இருந்தது. நுரை வழிந்த வெள்ளைக் காரைச் சுற்றி ஒரு பொம்பிளை கை மாற்றிக் கை ஊன்றி நடந்து போயிருக்கிறாள். பகல் வெளிச்சத்தில் அது எங்கள் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

"அண்ணே, சில்லறை எடுக்கப் போறவ இப்படியா போவா?"

"வாயை மூடிக்கிட்டுத் தண்ணிய அடி."

காரைப் பட்டறைக்குப் பக்கத்தில் திறந்த வெளியில் நிறுத்தினோம். நல்ல வெயில் காலம். தினமும் காலையில் வெயில் படுகிற பக்கமாகத் திருப்பி வைப்போம், சாயங்காலம் ஒரு சொட்டுச் சவர்க்காரம் வைத்துப் பார்ப்போம். சிவப்பு நாளுக்கு நாள் வெளிறியது. ஆனாலும் எனக்கு அந்தக் காரின் பக்கம் தனியாகப் போகக் கால் வராது. போனால் முதுகு சில்லென்றிருக்கும். அதன் கண்ணாடியில் என் முகம் தெரியும்போது சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒருநாள் சாயங்காலம் வாசல் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பீப், பீப் என்று ஹாரன் கேட்டது. ரொட்டிக்காரர் வருகிற நேரம்தான். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். ரோட்டில் ஈ காக்கை இல்லை. மறுபடி பீப் என்றது.

எனக்குப் பின்னாலிருந்து.

தங்கராசு அண்ணனும் உள்ளிருந்து வெளியே வந்துவிட்டார். இரண்டு பேரும் அந்த வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே யாரும் இல்லை. கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது.

"வெயில்ல ஒயரு சூடாயிருக்கும்" என்றார். சொல்லிவிட்டு ஒரு அடி எடுத்து வைக்க அவ்வளவு நேரம் பிடித்தது அவருக்கு. கதவைத் திறந்தார். ஸ்டியரிங் நடுவில் ஹாரன் அழுத்துகிற இடம் வெளிர் சாம்பல் நிறம், அழுக்கேறியிருந்தது. என் கையில் இருந்த ஈரத் துணியை வாங்கி, பழக்க தோஷத்தில் அதைத் துடைத்தார். அது சவர்க்காரத் துணி.

துணி போன வழியெல்லாம் சிவந்தது. விரல் தடம் இல்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி. ஒன்றின் மேல் ஒன்றாக, சற்றுச் சற்று விலகி, அழுத்தி அழுத்திப் பதிந்த தடம்.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கையில் இருந்த சுருக்குப் பையைப் பார்த்தேன். ரொட்டி வாங்க எடுத்து வந்த பை. அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு அந்த வீட்டுக்கு ரொட்டிக்காரர் வரவே இல்லை. சமையலறைப் பக்கக் கதவால் வெளியே வந்து, கத்தக் குரல் எழும்பாமல், காரைப் பிடித்துப் பிடித்துச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, சாரதா ஹாரனை அழுத்தியிருக்கிறாள். புருஷனைக் கூப்பிட்டிருக்கிறாள். விட்டு விட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். பின்பக்கத்திலிருந்து பதில் வந்திருக்கிறது: வேணாம்லா.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தங்கராசு அண்ணன் திட்டவில்லை.

"அவருக்குத் தெரிய வேணாமாண்ணே?" என்றேன் கடைசியில். "பொண்டாட்டி கூப்பிட்டிருக்கா."

"தெரிஞ்சு? நொடியில போயிட்டான்னுதான் அந்த மனுசன் சோறு திங்கறான். அதையும் பிடுங்கணுமா?"

"கறைக்குக் காரணம் கேப்பாரே. நீங்கதான் சொல்லாம சாவி குடுக்க மாட்டீங்களே."

ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து வந்து ஸ்டியரிங்கை அவரே துடைத்தார். என்னைத் தொடவிடவில்லை. மீதி மஞ்சள் போகும்வரை கதவைத் திறந்து ஸ்டியரிங்கில் வெயில் படுமாறு வைத்தார். அந்த நாட்களில் அவர் தலை சீவியதை நான் பார்க்கவில்லை.

வேலாயுதம் சார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கௌரி பள்ளிச் சீருடையில் இருந்தாள். காரிலிருந்து பத்தடி தள்ளியே நின்றாள். தங்கராசு அண்ணன் சவர்க்காரத் தூளைக் கரைத்து, அவள் கண் முன்னால் கார் முழுக்கப் பூசினார். வெள்ளை நுரை. வெள்ளைக் கார். வேறு எந்த நிறமும் இல்லை. அவள் மெல்ல வந்து போனட்டில் விரலை வைத்தாள்.

"அந்தச் சிவப்புக் கை என்ன, அங்கிள்?"

தங்கராசு அண்ணன் வாளியைக் கீழே வைத்தார்.

"மஞ்சள்மா. அம்மா மீனு கழுவிக்கிட்டிருந்தாங்கல்ல? ரொட்டிக்குக் காசு எடுக்க அந்தக் கையோட வந்து காரைத் தொட்டிருக்காங்க. அவ்வளவுதான். கோவம் கீவம் ஒண்ணும் இல்ல."

அவ்வளவு சுருக்கமாக அவர் காரணம் சொல்லி நான் கேட்டதே இல்லை. கௌரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அப்புறம் அழுதுகொண்டே சிரித்தாள். "கைகூடக் கழுவாம வந்திருக்காங்கப்பா!" என்றாள். வேலாயுதம் சாரும் சிரித்தார். சிரித்தால் இந்த மனிதர் இப்படி இருப்பாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பிள்ளையத் திருப்பிக் குடுத்துட்டீங்கம்மா" என்றார்.

கௌரி முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். கார் பின்னால் நகர்ந்து ரோட்டுக்குப் போய்த் திரும்பியது. நம் ஆட்கள் விடைபெறும்போது எல்லாரும் செய்வதுதான்: அவர் எங்களுக்குக் கை காட்டிவிட்டு, ஹாரனை லேசாக அழுத்தினார். பீப், பீப்.

சாயங்கால நேரம். அடுத்த பட்டறையில் டயர்க் கணக்குப் பார்க்கிற செல்வி, தலையை வெளியே நீட்டினாள். கையில் சில்லறை. ரோடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அக்கா, ரொட்டியா வந்துச்சு?"

கார் நின்றுவிட்டது.

நடுரோட்டில், பிரேக் விளக்கு எரிய, அப்படியே நின்றது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது. பின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன. கௌரியின் தலை அப்பா பக்கம் திரும்பியது. அவள் என்னமோ கேட்டாள். அவர் தலை திரும்பவே இல்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தபடி குனிந்திருந்தது. தங்கராசு அண்ணன் சொட்டச் சொட்ட ஈரத் துணியோடு கேட்டுவரைக்கும் ஓடினார். அங்கே போய், மேலே போகத் தெரியாமல் நின்றார். துணியிலிருந்து நுரைத் தண்ணீர் அவர் சட்டையெல்லாம் வழிந்தது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிரேக் விளக்கு அணைந்தது. கார் மெல்ல, மிக மெல்ல, அலோர் காஜா ரோட்டுப் பக்கம் போனது.

அந்தக் கார் மறுபடி எங்களிடம் வரவில்லை. கௌரி வீட்டுக்குத் திரும்பிவிட்டாள், பரீட்சை எழுதினாள் என்று மட்டும் பிற்பாடு கேள்விப்பட்டேன். தங்கராசு அண்ணன் அதன் பிறகு யாருக்கும் கறையின் காரணத்தைச் சொல்லவில்லை. கேட்டாலும், "போயிருச்சுலா, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சாவியைக் கையில் வைப்பார். தவுக்கேக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

அந்தப் புதுக்கடைப் பிள்ளைகள் இதைப் படித்தால், கறை போனதா என்றுதான் முதலில் கேட்பார்கள். போனது. சுத்தமாகப் போனது.

இப்போதும் எங்கள் தெருவில் சாயங்காலம் ரொட்டி மோட்டார் சைக்கிள் வருகிறது. அடுப்பில் என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு எழுந்து கேட்டுக்குப் போகிறேன். ரொட்டிக்காரப் பையனுக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. "என்ன ஆன்ட்டி, தினமும் வர்றீங்க, ஒண்ணும் வாங்க மாட்டேங்கறீங்க?"

"நீதானான்னு பார்க்க வந்தேன்" என்பேன். அவன்தான் என்று பார்த்த பிறகுதான் உள்ளே திரும்புவேன்.